பேரரசரை மனந்திரும்பச் செய்த ஆயர்



தாவீது அரசர் உரியாவின் மனைவியைக் கவர்ந்து, உரியாவையும் போர்முனையில் கொல்லச் செய்தபோது, அரண்மனையில் யாரும் வாய் திறக்கவில்லை. இறைவாக்கினர் நாத்தான் மட்டுமே அரசர் முன் சென்று நின்றார் (2 சாமு 12). விவிலியத்தின் இந்தப் பக்கம் வெறும் பழங்கதை அல்ல என்று 4ஆம் நூற்றாண்டில் தம் வாழ்வால் காட்டியவர் மிலான் நகர ஆயர் புனித அம்புரோஸ்.

இவர் ஏறத்தாழ 340ஆம் ஆண்டில் இன்றைய ஜெர்மனியின் திரியர் நகரில் உயர்குடியில் பிறந்தார். தந்தை உரோமைப் பேரரசின் பெரிய அதிகாரி. மகனும் சட்டம் படித்து, மிலானைத் தலைமையிடமாகக் கொண்ட மாநிலத்தின் ஆளுநரானார். 374இல் மிலான் ஆயர் இறந்தபோது, கத்தோலிக்கருக்கும் ஆரியக் கொள்கையினருக்கும் இடையே கலகம் மூளும் நிலை ஏற்பட்டது. அமைதி காக்கக் கோவிலுக்குச் சென்ற ஆளுநரையே ஆயராகும்படி மக்கள் கூவினார்கள். அவரோ இன்னும் திருமுழுக்குக்கூடப் பெறாதவர்! தப்பிக்கப் பார்த்தும் முடியவில்லை. திருமுழுக்குப் பெற்று, சில நாள்களிலேயே, டிசம்பர் 7 அன்று ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார்.

தம் பொன்னையும் வெள்ளியையும் ஏழைகளுக்குக் கொடுத்தார். போரில் சிறைப்பட்டவர்களை மீட்கக் கோவிலின் பொற்கிண்ணங்களை உருக்கி விற்றார். நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை ஆகாபு அபகரித்த நிகழ்வை (1 அர 21) விளக்கித் தனி நூலே எழுதினார். ஆகாபுகள் இன்னும் சாகவில்லை, நாபோத்துகள் நாள்தோறும் வீழ்கிறார்கள் என்பதே அந்நூலின் மையக்கருத்து. அரசியார் யுஸ்தினா ஆரியருக்காக ஒரு பேராலயத்தைக் கேட்டபோது அவர் மறுத்தார். 386இல் படைவீரர்கள் ஆலயத்தைச் சூழ்ந்தபோது, மக்களோடு உள்ளேயே இருந்து பாடல்கள் கற்றுக்கொடுத்தார். வாளுக்கு வாள் எடுக்கவில்லை. அரண்மனைதான் பின்வாங்கியது. மறு ஆண்டு பாஸ்கா விழாவில் புனித அகுஸ்தினாருக்குத் திருமுழுக்கு அளித்தவரும் இவரே.

390இல் பெரிய சோதனை வந்தது. தெசலோனிக்கா நகரில் மக்களின் அபிமானத் தேரோட்டி ஒருவரைப் படைத்தளபதி சிறையிலிட்டார். கொதித்தெழுந்த கூட்டம் தளபதியைக் கொன்றது. செய்தி கேட்டுச் சினம்கொண்ட பேரரசர் தியோடோசியஸ் பழிவாங்க ஆணையிட்டார். படைவீரர்கள் குற்றவாளி யார், அப்பாவி யார் என்று பார்க்காமல் வெட்டிச் சாய்த்தார்கள். 7,000 பேர் மாண்டதாகப் பழைய திருச்சபை வரலாற்றாசிரியர் தெயோதொரேத்து எழுதுகிறார்.

தியோடோசியஸ் பகைவர் அல்ல. கத்தோலிக்க விசுவாசத்தின் பாதுகாவலர், ஆயரின் நண்பர். மௌனமாக இருப்பது எளிது. ஆனால் அம்புரோஸ் மௌனம் காக்கவில்லை. ஆயர் கோவில் வாசலில் நின்று பேரரசரைத் தடுப்பதாக ஓவியர்கள் வரைந்திருக்கிறார்கள். உண்மையில் அவர் செய்தது அதைவிட அமைதியானது. பேரரசரைச் சந்திப்பதைத் தவிர்த்து ஊரை விட்டு விலகி, அவர் மட்டும் படிப்பதற்காகத் தம் கைப்படக் கடிதம் எழுதினார். தாவீதின் பாவத்தையும் மனமாற்றத்தையும் நினைவூட்டினார். பேரரசர் வந்து நின்றால் தம்மால் திருப்பலி ஒப்புக்கொடுக்க இயலாது என்று தெளிவாகச் சொன்னார். பேரரசர் பணிந்தார். அரச அடையாளங்களைக் களைந்து, ஆலயத்தில் மக்கள் முன்னிலையில் அழுது தவம் செய்தார். அவ்வாண்டு கிறிஸ்து பிறப்பு விழாவில் மீண்டும் நற்கருணைப் பந்தியில் ஏற்கப்பட்டார். 395இல் அவர் இறந்தபோது, அடக்கச் சடங்கு மறையுரையில் ஆயர் போற்றியது அந்தத் தாழ்ச்சியைத்தான்.

ஆனால் ஒரு கசப்பான உண்மையையும் மறைக்கக் கூடாது. 388இல் யூப்ரத்தீசு ஆற்றங்கரையில் உள்ள கல்லினிக்கும் ஊரில் கிறிஸ்தவக் கூட்டம் யூதர்களின் தொழுகைக்கூடத்தை எரித்தது. அவ்வூர் ஆயரே அதைக் கட்டித்தர வேண்டும் என்று பேரரசர் ஆணையிட்டார். அது நீதியான ஆணை. அதைக் கைவிடும்படி வற்புறுத்தியவர் இதே அம்புரோஸ். தெசலோனிக்காவின் இரத்தத்தைக் கண்ட கண்கள் யூதர்களின் கண்ணீரைக் காணவில்லை. யூதர்மீதான வெறுப்பைத் திருச்சபை 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் வெளிப்படையாகக் கண்டித்தது. புனிதர்களும் நாத்தான்கள் தேவைப்படும் மனிதர்களே.

அம்புரோஸ் 397 ஏப்ரல் 4, புனித சனியன்று இறந்தார். அவரது விழாவை டிசம்பர் 7 அன்று கொண்டாடுகிறோம்.

அன்பர்களே, அவர் வாழ்வு நமக்குக் கற்பிப்பது என்ன? ஆட்சியாளர் எவரும் இறைச்சட்டத்திற்கு மேலானவர் அல்லர். தவறு செய்தவரிடம் முதலில் தனியே பேச வேண்டும் (மத் 18:15). அவமானப்படுத்துவதல்ல, மனந்திருப்புவதே நோக்கமாக இருக்க வேண்டும். நம் எதிரியின் தவற்றை மட்டுமல்ல, நம் நண்பரின் தவற்றையும் சொல்லத் துணிய வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, நம் பக்கத்தார் அநீதி செய்யும்போதும் அதே அளவுகோலைப் பிடிக்க வேண்டும். நம் பங்கில், சங்கத்தில், ஊராட்சியில், குடும்பத்தில் யாருடைய தவற்றைக் கண்டும் காணாமல் இருக்கிறோம்? நம்மிடம் நாத்தானாக வந்த யாரை வெளியே அனுப்பினோம்?

நீதியின் இறைவா, உண்மை பேசும் துணிவையும், உண்மையைக் கேட்கும் தாழ்ச்சியையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.