டோனாவூர் அம்மா

நம்ம ஆழ்வார்குறிச்சியில் நின்று பார்த்தால் தெரிகிற மேற்கு மலைத்தொடர் தெற்கே களக்காட்டையும் தாண்டிப் போகிறது. அந்த அடிவாரத்துச் சிற்றூர்தான் டோனாவூர். அதை உலகறியச் செய்தவர் எமி கார்மைக்கேல் அம்மையார்.

1867 டிசம்பர் 16-ல் அயர்லாந்தில் பிறந்தார். 1895-ல் இந்தியா வந்தவர், அப்புறம் சொந்த நாடு திரும்பவே இல்லை. தமிழ் படித்தார், சேலை கட்டினார். 1901-ல், கோயிலுக்குப் பொட்டுக்கட்ட இருந்த ஒரு சிறுமி தப்பி வந்து இவரிடம் அடைக்கலம் புகுந்தாள். பின்னாளில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு இவரே அம்மா!

ஜெபம் என்றால் அவருக்குக் கேட்டு வாங்குவது மட்டுமல்ல. கடவுள் முன் மௌனமாகக் காத்திருப்பதும்தான். ஆஸ்பத்திரி அவசரமாகத் தேவைப்பட்டது. ஆனாலும் அப்படிக் காத்திருந்து, ஜெப வீட்டையே முதலில் கட்டினார். 1927-ல் அது முடிந்தது. ஆஸ்பத்திரி அதன் பிறகே வந்தது.

1931 அக்டோபர் 24. இன்னும் நன்றாக ஊழியம் செய்ய என்னை எப்படியும் நடத்தும் என்று காலையில் ஜெபித்தாராம். அன்று சாயங்காலம் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தது. அதன்பின் சுமார் இருபது வருஷம் பெரும்பாலும் ஒரே அறை, தீராத வலி. ஓடியாடிய மனுஷி ஒடிந்து போயிருக்கலாம். போகவில்லை! கடவுளோடு இன்னும் நெருங்கினார். படுக்கையிலிருந்தே பத்துக்கு மேற்பட்ட புத்தகங்கள் எழுதினார்.

1951 ஜனவரி 18-ல் மறைந்தார். கல்லறைக்கல் வேண்டாம் என்று சொல்லியிருந்ததால், பிள்ளைகள் அங்கே பறவைகளுக்குத் தண்ணீர்த்தொட்டி வைத்தார்கள்.

பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் சாமியைத் தேடுகிற நாம், எந்த மதமானாலும் சரி, ஒண்ணுமே கேட்காமல் பத்து நிமிஷம் அமைதியாக உட்கார்ந்து பார்ப்போமே!