நடவாத போரின் நாயகர் பீட்டர் ஜாக்சன்

வெவ்வேறு காலத்து வீரர்களை ஒப்புநோக்கி, இவரும் அவரும் தத்தம் முழுவலிமை நாளில் எதிர்நின்றிருந்தால் வெற்றி யாருக்கு வாய்த்திருக்கும் என்று வினவுவது விளையாட்டை விரும்புவோர் யாவர்க்கும் இயல்பு. குத்துச்சண்டையில், அதிலும் எடை மிகுந்த வீரர்க்குரிய ஹெவிவெயிட் பிரிவில், இவ்வினா நூறாண்டுகளுக்கு மேலாக எழுப்பப்பட்டு வருகிறது. காலத்தால் பிரிந்தோரைக் கற்பனையில் பொருதவைப்பது இன்பம் தரும் பொழுதுபோக்கேயாம். ஆயின், ஒரே காலத்தில் வாழ்ந்து, ஒரே களத்தில் நின்றிருக்கக்கூடிய இருவரையும் கற்பனையில்தான் பொருதவைக்க வேண்டியுள்ளது என்றால், அதன் காரணத்தை ஆராய்தல் நம் கடனாகும். அவ்வாராய்ச்சிக்குரிய வாழ்வு பீட்டர் ஜாக்சனுடையது.

பிறப்பும் பயிற்சியும்

மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய செயின்ட் குரோய் அந்நாளில் டென்மார்க்கின் ஆட்சியில் இருந்தது. 1848ஆம் ஆண்டில் அங்கு அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் 1861இல் பீட்டர் பிறந்தார். இளமையிலேயே கப்பல் தொழிலாளியாய்க் கடல் கடந்து, ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரை அடைந்தார். அங்கு லாரி ஃபோலி என்னும் ஆசானிடம் குத்துச்சண்டை பயின்றார். 1884இல் பில் ஃபார்னன் என்பவரிடம் தோல்வியுற்றார். ஆயினும் தளரவில்லை; 1886இல் டாம் லீஸ் என்பாரை முப்பது சுற்றுகளில் வென்று, ஆஸ்திரேலிய ஹெவிவெயிட் பட்டத்தைக் கைக்கொண்டார்.

ஆறடிக்கு மேற்பட்ட உயரம், நீண்ட கைகள், எதிரியை எட்ட நிறுத்தும் இடக்கைக் குத்து, விரைந்து இயங்கும் கால்கள் ஆகியன அவர்தம் கருவிகள். களத்தில் சினம் கொள்ளாமையும் களத்திற்கு வெளியே கண்ணியமும் அவருக்குப் பெருமை சேர்த்தன. கறுப்பு இளவரசர் என்று மக்கள் அவரை அழைத்தனர்.

மறுக்கப்பட்ட களம்

1888இல் அவர் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகருக்குச் சென்றார். ஜார்ஜ் காட்ஃபிரியைப் பத்தொன்பது சுற்றுகளில் வென்று, கறுப்பின வீரர்க்கெனத் தனியே வகுக்கப்பட்டிருந்த பட்டத்தைப் பெற்றார். பட்டம் இரண்டாகப் பகுக்கப்பட்டிருந்ததே அக்காலத்தின் நோய். உலகச் சாம்பியன் எனப் போற்றப்பட்ட ஜான் எல். சல்லிவன் 1882 முதல் பத்தாண்டுகள் அப்பெருமையைத் தம்மிடமே வைத்திருந்தார். அவர் ஆற்றலில் ஐயமில்லை. 1889இல் கையுறையின்றி எழுபத்தைந்து சுற்றுகள் பொருது ஜேக் கில்ரெய்னை வென்றவர் அவர். எனினும், கறுப்பின வீரரோடு பொருதுவதில்லை என்பதை அவர் வெளிப்படையாகவே அறிவித்தார்.

வலிமையின் புகழ் கருதி இருவர் எதிரெதிர் நின்று பொருதலைத் தும்பை என வகுத்தனர் நம் புறத்திணை நூலார். அத்தகு போருக்கு இருவரும் களம் புகுதல் வேண்டும். ஒருவர் புக மறுத்தால் மற்றவர் வலிமைக்கு அளவுகோல் இல்லாது போகிறது. பீட்டருக்கு நேர்ந்தது இதுவே.

மறுக்காது களம் புகுந்தவர் ஜேம்ஸ் கார்பெட். 1891ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் அவ்விருவரும் மோதினர். கார்பெட் இருபத்துநான்கு வயது இளைஞர். நான்கு மணி நேரம், அறுபத்தொரு சுற்றுகள் கடந்தும் வெற்றி தோல்வி காண இயலாமையால், நடுவர் போட்டியை முடிவின்றி நிறுத்தினார். மறு ஆண்டு செப்டம்பரில் அதே கார்பெட் நியூ ஆர்லியன்சில் சல்லிவனை இருபத்தொரு சுற்றுகளில் வீழ்த்தி உலகச் சாம்பியன் ஆனார். பட்டம் பெற்ற பின்னர் அவர் பீட்டரோடு மீண்டும் பொருதவில்லை. பிற்காலத்தில், தாம் கண்ட வீரருள் தலையாயோர் வரிசையில் பீட்டரை வைத்து அவர் போற்றியது உண்மை. ஆயினும் பாராட்டு பட்டத்திற்கு ஈடாகுமா?

அளவுகோல் எது?

கார்பெட்டுக்கு நிகர் பீட்டர். கார்பெட்டோ சல்லிவனை வென்றார். ஆதலின் பீட்டரும் சல்லிவனை வென்றிருப்பார் என்று கணக்கிடுவோர் உளர். இது முற்றும் தவறன்று; முற்றும் சரியுமன்று. 1892இல் கார்பெட் வென்ற சல்லிவன், குடியாலும் பயிற்சியின்மையாலும் முன்னைய வலிமை குன்றியவர். 1882இன் சல்லிவனுடைய வலக்கை வேகத்தை இடக்கைக் குத்தால் மட்டும் தடுத்திருக்க இயலுமா என்பது வினாவே. எனினும் 1889ஆம் ஆண்டையொட்டி இருவரும் சந்தித்திருப்பின், நெடுஞ்சண்டையில் பீட்டரின் பொறுமையே வென்றிருக்கும் என்பது நம் கருத்து. 1892 மே மாதம் இலண்டனில் வலிமைமிக்க பிராங்க் சிலாவினைப் பத்துச் சுற்றுகளில் அவர் அடக்கிய திறம் இக்கருத்துக்கு அரண் செய்கிறது.

அவ்வெற்றிக்குப் பின் அவருக்குத் தகுதியான போட்டி வாய்க்கவில்லை. காட்சிப் போட்டிகளிலும் நாடக மேடையிலும் காலம் கழிந்தது. டாம் மாமாவின் கதையை நடித்த நாடகக் குழுவில் அவர் அடிமை முதியவராக வேடமேற்றார். அடிமைமுறை ஒழிந்த மண்ணில் பிறந்து, குத்துச்சண்டையில் ஒப்பற்று விளங்கியவருக்கு அவ்வேடம்தான் எஞ்சியது!

1898 மார்ச்சில் அவர் மீண்டும் களம் புகுந்தார். எதிர்நின்றவர் இளைஞரான ஜேம்ஸ் ஜெஃப்ரீஸ். உடல் தளர்ந்திருந்த பீட்டர் மூன்றாம் சுற்றிலேயே வீழ்ந்தார். ஏட்டைப் புரட்டுவோர் ஜெஃப்ரீஸ் பீட்டரை வென்றார் என்றே காண்பர். வென்றது முதுமையும் நோயும் என்பதை ஏடு கூறாது. இதே அளவுகோலை நாம் மறுபுறத்தும் பயன்படுத்துதல் நேர்மையாகும். 1910இல் ரீனோ நகரில், ஐந்தாண்டு ஓய்வுக்குப் பின் வந்த ஜெஃப்ரீசை ஜாக் ஜான்சன் பதினைந்தாம் சுற்றில் வென்றார். அங்கும் வீழ்ந்தவர் முழுவலிமை நாளின் ஜெஃப்ரீஸ் அல்லர். ஒருவர்க்கு இரங்கும் நாம் மற்றவர்க்கும் இரங்குதல் வேண்டும்.

முடிவுரை

காசநோயுற்ற பீட்டர் 1901ஆம் ஆண்டு சூலையில் ஆஸ்திரேலியாவின் குயின்சுலாந்தில் உள்ள ரோமா என்னும் ஊரில் மறைந்தார். பிரிஸ்பேன் நகரின் தூவாங் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். ஏழாண்டுகள் கழித்து 1908 டிசம்பரில், அவர் கலை பயின்ற அதே சிட்னி நகரில், ஜாக் ஜான்சன் டாமி பர்ன்ஸை வென்று முதல் கறுப்பின உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். பீட்டர் தட்டிய கதவு மற்றொருவர்க்குத் திறந்தது.

யார் பெரியர் என்னும் கற்பனைப் போட்டிகளை நாம் இனியும் நடத்துவோம்; அதில் குற்றமில்லை. ஆனால் தகுதியை அளப்பதற்கு முதலில் வாய்ப்பை வழங்குதல் வேண்டும். வாய்ப்பை மறுத்துவிட்டுச் சான்று கேட்பது அறமாகாது. தேர்வுக்கூடத்திலும் பணிமனையிலும் பொதுவாழ்விலும் மாணவர்கள் இதனை நெஞ்சிற் கொள்வாராக.

பீட்டரின் கல்லறையில் ஷேக்ஸ்பியரின் நாடக வரியொன்று பொறிக்கப்பட்டுள்ளது. அது அவரை வீரர் என்றும் சுட்டவில்லை, நிறத்தாலும் சுட்டவில்லை. மனிதர் என்றே சுட்டுகிறது. வாழ்நாளில் களம் மறுத்த உலகம், மறைந்தபின் வழங்கிய பட்டம் அது.