இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன்

பெருநகர் ஒன்றின் எல்லைக்குள் தேசியப் பூங்கா அமைந்திருப்பது உலகில் மிகுதியாகக் காணக்கூடியதன்று. கென்யாவின் நைரோபி, இந்தியாவில் மும்பை, சென்னை எனச் சில நகரங்களே அப்பேறு பெற்றவை. நைரோபிப் பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 117 சதுர கிலோமீட்டர். மும்பையின் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா ஏறத்தாழ 100 சதுர கிலோமீட்டர். சென்னையின் கிண்டி தேசியப் பூங்காவோ 2.7 சதுர கிலோமீட்டர் மட்டுமே. ஆளுநர் மாளிகைக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் இடையே அடங்கிய அச்சிறு காட்டில், முறுக்கிய கொம்புகளையுடைய வெளிமான்கள் இன்றும் மேய்கின்றன.

அக்காட்டிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள மயிலாப்பூரில் வாழ்ந்து, இந்தியக் காட்டுயிர்களைப் பற்றி ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் எழுதியவர் மா. கிருஷ்ணன். காட்டை யாரிடமிருந்து காப்பது, யாரைக் கொண்டு காப்பது, எதை விட்டுவிட்டு எதைக் காப்பது என்னும் வினாக்கள் நம் நாட்டில் பரவலாக எழுவதற்கு முன்பே அவர் எழுத்தில் இடம்பெற்றன.

பெருங்குளம் இல்லம்

கிருஷ்ணன் 1912ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். தந்தையார் அ. மாதவையா, ‘பத்மாவதி சரித்திரம்’ என்னும் புதினத்தால் தமிழ் இலக்கிய வரலாற்றில் நிலைத்த இடம் பெற்றவர். அவருடைய எட்டு மக்களுள் கிருஷ்ணனே கடைக்குட்டி. உப்புத் துறையில் அலுவல் பார்த்த மாதவையா, ஓய்வு பெற்றபின் சென்னையில் குடியேறி, மயிலாப்பூரில் கட்டிய வீட்டுக்குத் தம் சொந்த ஊரின் நினைவாகப் பெருங்குளம் என்றே பெயரிட்டார். அங்கிருந்து ‘பஞ்சாமிர்தம்’ என்னும் இதழையும் நடத்தினார். 1925ஆம் ஆண்டு, பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகப் பேரவையில் உரையாற்றிக்கொண்டிருந்தபோதே மாதவையாவின் உயிர் பிரிந்தது. அப்போது கிருஷ்ணனுக்கு வயது பதின்மூன்று.

அக்கால மயிலாப்பூர் இன்றைய மயிலாப்பூர் அன்று. தோப்புகளும் புதர்களும் வெற்று நிலங்களும் வீடுகளுக்கிடையே விரவிக் கிடந்தன. அணிலும் கீரியும் ஓணானும் காக்கையும் சிறுவனுக்கு அண்டை அயலாராக இருந்தன. பின்னாளில் யானைகளையும் காட்டெருதுகளையும் தேடிச் சென்ற கிருஷ்ணன், இந்த எளிய உயிர்களை ஒருபோதும் இழிவாக எண்ணவில்லை. வீட்டுக் காக்கையைப் பற்றி எழுதும்போதும் புலியைப் பற்றி எழுதும்போதும் அவர் காட்டிய கவனம் ஒன்றே.

1927ஆம் ஆண்டு மாநிலக் கல்லூரியில் சேர்ந்த அவருக்குத் தாவரவியல் பேராசிரியர் பைசனின் தொடர்பு கிடைத்தது. நீலகிரி, பழனி மலைகளின் தாவரங்களை ஆராய்ந்து நூல் எழுதியவர் பைசன். அவருடன் மலைகளுக்குச் சென்று செடிகொடிகளை நேரில் கண்டறியும் வாய்ப்பு மாணவருக்கு அமைந்தது. பைசனின் துணைவியார் தாவரங்களை வரைவதில் வல்லவர். அவரிடமிருந்து ஓவிய நுட்பங்களையும் கிருஷ்ணன் அறிந்துகொண்டார். பின்னர்ச் சட்டமும் பயின்றார். ஆயினும் வழக்கறிஞர் தொழிலில் அவர் மனம் செல்லவில்லை. இதழ்களுக்கு எழுதியும் படம் வரைந்தும் சில ஆண்டுகள் கழிந்தன. இந்துமதியை மணந்து இல்லறம் தொடங்கியிருந்த காலத்தில் அவ்வருவாய் போதுமானதாக இல்லை.

சண்டூர்

1942ஆம் ஆண்டு, இன்றைய கர்நாடகத்தில் பெல்லாரிக்கு அருகிலிருந்த சண்டூர் என்னும் சிறு சமஸ்தானத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. ஆசிரியர், நீதிபதி, விளம்பர அலுவலர், மன்னரின் அரசியல் செயலாளர் எனப் பல பொறுப்புகளை அங்கு அவர் வகித்தார். ஓய்வு நேரத்தில் ஆடு மேய்த்தார். தூதுப் புறாக்களைப் பழக்கினார். குன்றுகளிலும் முட்காடுகளிலும் நடந்து திரிந்தார். படித்தவர் ஒருவர் ஆட்டு மந்தையின் பின்னால் நடப்பதை ஊரார் வியப்புடன் பார்த்திருக்கக்கூடும். ஆனால் மழை குறைந்த நிலத்தில் எந்தச் செடி எப்போது துளிர்க்கும், எந்த உயிர் அதை நாடி வரும் என்பதை மேய்ப்பவரைப் போல் அறிந்தவர் யார்?

1949ஆம் ஆண்டு சண்டூர் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. கிருஷ்ணன் சென்னைக்குத் திரும்பினார். அதன்பின் அவர் எந்த அலுவலகத்திலும் மாதச் சம்பளத்துக்குப் பணியாற்றவில்லை. எழுத்தும் ஒளிப்படமுமே வாழ்வாதாரமாயின. முப்பத்தேழு வயதில், குடும்பப் பொறுப்புடைய ஒருவர் அவ்வாறு துணிவது எளிதன்று.

நாற்பத்தாறு ஆண்டுக் குறிப்பேடு

கல்கத்தாவிலிருந்து வெளிவந்த ‘தி ஸ்டேட்ஸ்மன்’ என்னும் ஆங்கில நாளிதழில் 1950ஆம் ஆண்டு அவர் ஒரு பத்தியைத் தொடங்கினார். ‘கன்ட்ரி நோட்புக்’ என்பது அதன் பெயர். ஊர்ப்புறக் குறிப்பேடு எனத் தமிழில் கூறலாம். அப்பத்தி அவர் மறையும் வரை நாற்பத்தாறு ஆண்டுகள் வெளிவந்தது. பறவை, விலங்கு, மரம், மழை, கோடை எனக் கண்ணில் பட்ட அனைத்தும் அதில் இடம்பெற்றன. கேள்விப்பட்டதை நம்பி எழுதுவது அவர் வழக்கமன்று. பிறர் எழுத்தில் பிழை கண்டால் கண்டிக்கத் தயங்கியதுமில்லை. அதனால் அவரைக் கடுமையானவர் என்று கருதியோரும் உண்டு.

ஒளிப்படக்கலையிலும் அவர் வழி தனி வழி. கறுப்பு வெள்ளைப் படங்களையே எடுத்தார். பல்வேறு கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தாமே ஒரு பெரிய ஒளிப்படக் கருவியை உருவாக்கி, அதன் பெருஞ்சுமையைத் தாமே நகையாடும் வகையில் ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரிட்டார். அதைச் சுமந்துகொண்டு முதுமலை முதலிய காடுகளில் காட்டு யானைகளை அவர் படம்பிடித்தார்.

தமிழிலும் அவர் எழுதினார். தொல்லிலக்கியத்தில் அவருக்கு ஆழ்ந்த பயிற்சி இருந்தது. சங்கப் பாடல்களில் இரலை என்று வரும் விலங்கே இன்று நாம் வெளிமான் என அழைக்கும் மான். மழை பெய்த முல்லை நிலத்தில் துணையோடு துள்ளித் திரியும் இரலையை அப்பாடல்களில் பலமுறை காணலாம். ஒரு நாட்டின் அடையாளம் அதன் மொழியாலும் கலையாலும் மட்டும் அமைவதன்று, அதன் மண்ணுக்கே உரிய மரம், செடி, விலங்கு, பறவை ஆகியவற்றாலும் அமைவது என்பது கிருஷ்ணனின் உறுதியான கருத்து. சோலைகளையும் புல்வெளிகளையும் அழித்துத் தைல மரம் போன்ற அயல்நாட்டு மரங்களை நடுவதை அவர் எதிர்த்ததற்கும் இதுவே காரணம். பச்சையாய்த் தெரிவதெல்லாம் காடாகிவிடாது என்பதை அன்று உணர்ந்தவர் சிலரே.

வேடந்தாங்கல்

சென்னையிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேடந்தாங்கல், கிருஷ்ணனின் உள்ளம் கவர்ந்த இடங்களுள் ஒன்று. அங்குள்ளது ஒரு பாசன ஏரி. நீரில் நிற்கும் கடப்ப மரங்களில் நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், வக்கா, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன் எனப் பல்வகை நீர்ப்பறவைகள் மழைக்காலத்தை ஒட்டி வந்து கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. அவற்றின் எச்சம் ஏரிநீரில் கலக்கிறது. அந்நீர் பாயும் வயலுக்கு அதுவே உரமாகிறது. இவ்வுண்மையை ஊரார் அனுபவத்தால் அறிந்திருந்தனர். பறவைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தும் வந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், வேட்டைக்கு வந்த ஆங்கிலேயர் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த லயனல் பிளேசிடம் முறையிட்டுப் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்து வடிவில் பெற்றனர். இந்தியாவில் காட்டுயிர்ச் சட்டங்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே ஓர் ஊர் தன் பறவைகளுக்காகக் கேட்டுப் பெற்ற ஆணை அது.

கிருஷ்ணன் இவ்வேரிக்குப் பலமுறை சென்று, எப்பறவை எம்மரத்தில் கூடுகட்டுகிறது, குஞ்சுகளை எவ்வாறு ஊட்டுகிறது எனக் குறித்துவைத்தார். வேடந்தாங்கல் சரணாலயத்தைப் பற்றி அவர் எழுதிய ஆங்கில நூலைச் சென்னை வனத்துறை 1960ஆம் ஆண்டு வெளியிட்டது.

கிண்டி

வேடந்தாங்கலில் மக்களின் தேவையே பறவைகளுக்குக் காவலாயிற்று. சென்னை நகருக்குள் நிகழ்ந்ததோ வேறு. கிண்டிக் காடு ஒரு காலத்தில் தனியார் வேட்டைக்காடாக இருந்தது. 1821ஆம் ஆண்டு அரசு அதை விலைக்கு வாங்கி ஆளுநரின் உறைவிடமாக்கியது. 1910ஆம் ஆண்டு ஏறத்தாழ 505 ஹெக்டேர் பரப்பு காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. விடுதலைக்குப் பின் அப்பரப்பு சுருங்கத் தொடங்கியது. இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்கும் பிற கல்வி நிறுவனங்களுக்கும் தலைவர்களின் நினைவிடங்களுக்கும் காட்டின் பகுதிகள் அடுத்தடுத்து அளிக்கப்பட்டன. தீய நோக்கம் கொண்டோர் எவரும் அதை அழிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் காரணம் நற்காரணமாகவே இருந்தது. காட்டின் இழப்பு கண்ணுக்குப் படாமல் போனதற்கும் அதுவே காரணம்.

அதே காலத்தில் நகரின் மேற்கெல்லையிலும் நிலம் மாறிக்கொண்டிருந்தது. 1964ஆம் ஆண்டு அம்பத்தூர் தொழிற்பேட்டை தொடங்கியது. மண்ணூர்பேட்டை, பாடி, கொரட்டூர் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த வயல்களும் மேய்ச்சல் வெளிகளும் தொழிற்கூடங்களாகவும் குடியிருப்புகளாகவும் மாறின. பல்லாயிரம் பேருக்கு வேலை கிடைத்தது. அவ்வளர்ச்சி வேண்டாம் என்று எவரும் கூறார். ஆனால் இத்தகைய திறந்த வெளிகள் யாருடைய கணக்கிலும் காடாக எண்ணப்பட்டதில்லை. முட்புதர் நிலமும் புல்வெளியும் வீண்நிலம் எனப் பெயர் பெற்றன. வெளிமானின் வாழிடமோ அந்த வீண்நிலமே. எதிரியைத் தொலைவிலேயே கண்டு, கடும் வேகத்தில் ஓடித் தப்பும் விலங்கு அது. அடர்ந்த மரங்களுக்கிடையே அதன் கண்ணும் பயன்படாது, காலும் பயன்படாது. மரங்களை நெருக்கமாக நட்டுக் கிண்டியை அடர்காடாக்கினால், புள்ளிமான் பெருகலாம். இம்மண்ணுக்குரிய வெளிமான் அருகிப்போகும். புள்ளிமான்கள் கிண்டிக்குப் பிற்காலத்தில் கொண்டுவரப்பட்டவை எனக் கருதப்படுகிறது.

தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளை ஆராய்வதற்கு ஜவாஹர்லால் நேரு நினைவு நல்கை பெற்ற கிருஷ்ணன், 1960களின் இறுதியில் காடு காடாகச் சென்று பதிவுசெய்த செய்திகள் 1975ஆம் ஆண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வழியே நூலாயின. கிண்டியின் வெளிமான்களும் அவ்வாய்வில் இடம்பெற்றன. 1978ஆம் ஆண்டு எஞ்சிய காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

காவலும் மக்களும்

பத்மஸ்ரீ விருது பெற்ற கிருஷ்ணன், இந்தியக் காட்டுயிர் வாரியத்திலும் உறுப்பினராகப் பல்லாண்டுகள் பணியாற்றினார். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், தேசியப் பூங்காவில் கால்நடை மேய்ச்சலுக்கு இடமளிக்கவில்லை. சரணாலயத்தில் சில உரிமைகள் தொடர வழி வைத்தது. நாட்டின் நிலத்தில் சிறு பங்கையேனும் மனிதக் குறுக்கீடின்றி முற்றாக விட்டுவிட வேண்டும் என்பது கிருஷ்ணனின் நிலைப்பாடு. இது வறட்டுப் பிடிவாதத்தால் எழுந்ததன்று. 1968ஆம் ஆண்டளவில் முதுமலை, பந்திப்பூர்க் காடுகளில் வெக்கை நோய் பரவிக் காட்டெருதுகள் பெருமளவில் மடிந்தன. அந்நோய் காட்டுக்குள் மேயும் கால்நடைகளிடமிருந்து தொற்றக்கூடியது. ஆடு மேய்த்து அறிந்தவரே மேய்ச்சலைக் காட்டுக்குள் விடக்கூடாது என்று சொன்னார்.

எனினும், அவருடைய நிலைப்பாட்டை அப்படியே எல்லா இடத்திற்கும் பொருத்த இயலாது. மும்பைப் பூங்காவினுள் வார்லி பழங்குடியினரின் குடியிருப்புகள் உள்ளன. அவர்கள் வாழ்வு அக்காட்டோடு பின்னியது. வேடந்தாங்கலில் ஊராரை விலக்கியிருந்தால் பறவைகளுக்குக் காவலே இருந்திராது. மக்களை விலக்கிய காடு வேண்டும் என்று வாதிட்ட அதே மனிதர், மக்களால் காக்கப்பட்ட ஏரியைப் பற்றி நூல் எழுதியிருக்கிறார். இவ்விரண்டையும் அவர் எழுத்தில் ஒருங்கே படிப்பவருக்கு, காட்டெருதுக்குப் பொருந்துவது நீர்க்காகத்துக்குப் பொருந்த வேண்டியதில்லை என்பது புலப்படும். ஒவ்வோர் இடத்தையும் அதன் மண், மழை, மரம், மக்கள் ஆகியவற்றோடு தனித்தனியே பார்த்தவர் அவர். பொதுவிதிகளை விடக் கண்கூடான செய்திகளே அவருக்குப் பெரியவை.

1995ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் ‘குளோபல் 500’ சிறப்புப் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது. அப்போதும் மயிலாப்பூர் இல்லத்திலிருந்து அவர் பத்தி எழுதிக்கொண்டிருந்தார். 1996ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, அவர் மறைந்தார். அவருடைய கடைசிக் குறிப்பு அன்றைய ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் வெளிவந்திருந்தது. தமிழ் இதழ்களில் சிதறிக் கிடந்த அவருடைய இயற்கைக் கட்டுரைகளைப் பின்னர்ச் சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்து, ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்னும் தலைப்பில் நூலாக்கினார்.