ஏற்காட்டு ஆரஞ்சு, மிளகு, சோடா... மதுவுக்கு மட்டும் தடை! சேலத்தில் ராஜாஜி கொண்டுவந்த சட்டம் இன்னும் இருக்கு தெரியுமா?

புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறந்த பிறகு ஏற்காட்டுக்குப் போயிருக்கீங்களா? காலை பத்து மணிக்கும் ஏரி மேல பனிமூட்டம் கலையாது. தமிழ் இலக்கணம் இந்தப் பருவத்துக்குக் கூதிர் என்று பெயர் வைத்திருக்கிறது. வெளிநாட்டுக்காரர்கள் இலையுதிர் காலம் என்று சொல்லும் அதே மாதங்கள்தான்.

காலைச் சாப்பாட்டையும் மதியச் சாப்பாட்டையும் ஒன்றாகச் சேர்த்து பதினொரு மணிக்குச் சாப்பிடும் பிரன்ச் பழக்கம் இப்போது மலை ஊர்களுக்கும் வந்துவிட்டது. கூடவே ஆரஞ்சுச் சாறு, பட்டை, கிராம்பு, இஞ்சி போட்டு, மேலே நுரைக்க நுரைக்க ஊற்றித் தரும் ஒரு கிளாஸ். அதில் மது சேர்ந்தால் காக்டெயில். சேராவிட்டால் மாக்டெயில்.

இந்த ஒரு வித்தியாசத்துக்குள்ள சேலம் மாவட்டத்தோட 85 வருஷத்துக்கும் மேலான வரலாறு ஒளிஞ்சிருக்கு. 1937 அக்டோபர் 1-ம் தேதி, சென்னை மாகாணத்திலேயே முதல் முறையாக முழு மதுவிலக்கு அமலுக்கு வந்தது சேலம் மாவட்டத்தில்தான். ஏற்காடும் அந்த மாவட்டம்தான். அதைக் கொண்டுவந்தவர், அதே சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜி.

மலை எப்படி இருந்தது?

சேர்வராயன் மலையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஏற்காடு. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர் எம்.டி. காக்பர்ன் இங்கே காபி, பேரிக்காய், ஆப்பிள் பயிர்களைக் கொண்டுவந்தார். ஏற்காட்டின் தந்தை என்று இன்றும் அவரைத்தான் சொல்கிறார்கள். பிறகு காபித் தோட்டம், நிழல் மரத்தில் படரும் மிளகுக் கொடி, ஆரஞ்சு என்று மலையின் முகமே மாறிப்போனது.

மேலே தோட்டங்கள். கீழே சமவெளியில் பனையும் தென்னையும், கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும். ராஜாஜி சேலத்துக்கு வந்தபோது மாவட்டம் இப்படித்தான் இருந்தது.

தொரப்பள்ளி டூ சேலம்

சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி பிறந்தது 1878 டிசம்பர் 10. ஊர், ஓசூர் பக்கத்தில் உள்ள தொரப்பள்ளி. இன்றைக்கு அது கிருஷ்ணகிரி மாவட்டம். அன்றைக்கு அதுவும் சேலம் மாவட்டம்தான். அப்பா கிராம முன்சீப்.

பெங்களூரு சென்ட்ரல் கல்லூரியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் படித்து, சட்டம் முடித்து, 1900-ல் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். தொழில் நன்றாகவே ஓடியது. 1911-ல் சேலம் நகராட்சி உறுப்பினர். 1917-ல் நகராட்சித் தலைவர். இதற்கு நடுவில், 1916-ல் மனைவி அலமேலு மங்கம்மாள் இறந்துபோனார். ஐந்து பிள்ளைகள். அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

1919-ல் காந்தி சென்னை வந்தபோது ராஜாஜியின் வீட்டில் தங்கினார். அடுத்த வருஷமே ஒத்துழையாமை இயக்கம். நல்ல வருமானம் தந்துகொண்டிருந்த வக்கீல் தொழிலை ராஜாஜி அப்படியே விட்டுவிட்டார்.

ஆசிரமத்தில் பார்த்தது என்ன?

1925-ல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் இந்த ஊரும் அன்றைய சேலம் மாவட்டத்துக்குள்தான் வரும். பிள்ளைகளோடு அங்கேயே குடியேறினார். கதர் நூற்பு, தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்கு - ஆசிரமத்துக்கு இந்த மூன்று வேலைகள்.

இந்த மூன்றும் தனித்தனி இல்லை. ராட்டையில் நூல் நூற்று ஒரு பெண் நாலு காசு சம்பாதிச்சா, அது சாயங்காலம் கள்ளுக்கடைக்குப் போயிடும். வறுமையைப் பற்றிப் பேசணும்னா குடியைப் பற்றியும் பேசியாகணும் என்பது அவர் கண்ணெதிரே பார்த்த கணக்கு.

1929-ல் மதுவிலக்குக்காகவே விமோசனம் என்ற தமிழ்ப் பத்திரிகையை நடத்தினார். அதில் அவருக்குத் துணையாக வேலை பார்த்த இளைஞர் யார் தெரியுமா? பின்னாளில் பொன்னியின் செல்வன் எழுதிய கல்கி கிருஷ்ணமூர்த்தி.

1930-ல் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு சத்தியாகிரக யாத்திரை போய் ராஜாஜி சிறை சென்றார். பெரும்பாலான பாடப்புத்தகங்களில் அவரைப் பற்றி வரும் பகுதி இதுதான். ஆனால் அவர் வாழ்நாள் முழுக்க விடாமல் பிடித்துக்கொண்டிருந்த விஷயம் மதுவிலக்கு.

1937 அக்டோபர் 1: என்ன நடந்தது?

1937 தேர்தலில் காங்கிரஸ் ஜெயித்தது. ஜூலை 14-ல் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமராகப் பதவியேற்றார். அப்போது மாகாண முதல்வர்களை அப்படித்தான் அழைப்பார்கள்.

மூன்று மாதம்கூட முழுசா ஆகலை. மதுவிலக்குச் சட்டம் நிறைவேறி, அக்டோபர் 1-ம் தேதி சேலம் மாவட்டத்தில் அமலுக்கு வந்துவிட்டது. இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி நான்கும் சேர்ந்ததுதான் அன்றைய சேலம் மாவட்டம். கள், சாராயம் இரண்டுக்கும் கடை மூடல்.

ஏன் சேலம்?

மாகாணம் முழுக்க ஒரே நாளில் மூடாமல், ஒவ்வொரு மாவட்டமாகப் போவதுதான் திட்டம். அதில் முதல் சோதனையைத் தன் சொந்த மாவட்டத்திலேயே வைத்தார் ராஜாஜி. சந்து பொந்து வரை அவருக்குத் தெரிந்த மண் அது. அங்கே தோற்றால் பழி நேராக அவர் தலையில்தான் விழும். 1938-ல் சித்தூர், கடப்பா மாவட்டங்களும், 1939-ல் வட ஆற்காடும் சேர்க்கப்பட்டன.

காசுக்கு என்ன செய்தார்?

மதுவிலக்கு என்றதும் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி இது. மது மீதான வரி அன்றைக்கும் அரசின் பெரிய வருமானங்களில் ஒன்று. அதை விட்டுவிட்டால் பள்ளிக்கூடம், ரோடு எல்லாம் எப்படி?

ராஜாஜி கண்டுபிடித்த வழி விற்பனை வரி. 1939-ல் சென்னை மாகாணம் கொண்டுவந்த பொது விற்பனை வரிச் சட்டம்தான் இந்தியாவிலேயே முதல். அதே வருஷம் பெட்ரோல், பொழுதுபோக்கு மீதும் வரி வந்தது. வியாபாரிகள் கடுமையாக எதிர்த்தார்கள். ஆனால் நாளடைவில் எல்லா மாநிலங்களுக்கும் முதுகெலும்பான வருமானமாக மாறியது இந்த விற்பனை வரிதான். இன்று நாம ஹோட்டல் பில்லில் கட்டும் ஜி.எஸ்.டி.க்குக் கொள்ளுத்தாத்தா என்று வேண்டுமானால் சொல்லிக்கலாம்.

மரம் ஏறினவங்க கதி?

சட்டத்தின் இன்னொரு பக்கம் இது. கள் இறக்குவதையே பிழைப்பாக வைத்திருந்த குடும்பங்களுக்கு ஒரே நாளில் வேலை போனது. மாற்றாக, புளிக்காத பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்ச அனுமதி தரப்பட்டது. பாளையில் கட்டும் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் பதநீர் புளிக்காது. தடவாவிட்டால் சில மணி நேரத்திலேயே கள். ஆக, ஒரு கை சுண்ணாம்புதான் தொழிலுக்கும் குற்றத்துக்கும் நடுவில் நின்றது. வெல்லம் காய்ச்ச அடுப்பு, விறகு, ஆள் எல்லாம் வேணும். பழைய வருமானம் எல்லாருக்கும் திரும்பக் கிடைத்துவிட்டது என்று சொல்ல முடியாது.

மூடி, திறந்து, மறுபடி மூடி...

1939 அக்டோபரில், இந்தியாவைக் கேட்காமலேயே உலகப்போரில் இறக்கியதை எதிர்த்து காங்கிரஸ் அமைச்சரவைகள் ராஜினாமா செய்தன. ராஜாஜியும் விலகினார். போர்க்காலத்தில், ஆளுநர் ஆட்சியில், மதுவிலக்கு நிறுத்தப்பட்டது. சுதந்திரத்தை ஒட்டி அது திரும்பி வந்தது. 1948 அக்டோபர் 2-ல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் காலத்தில், மாகாணம் முழுவதும் மதுவிலக்கு.

அந்த நேரத்தில் ராஜாஜி டெல்லியில் இருந்தார். சுதந்திர இந்தியாவின் முதல் இந்திய கவர்னர் ஜெனரல் அவர்தான். கடைசி கவர்னர் ஜெனரலும் அவர்தான். 1952-ல் மீண்டும் சென்னை முதல்வர். 1954-ல் முதல் பாரத ரத்னா பட்டியலில் அவர் பெயர் இருந்தது.

எல்லாமே பாராட்டு மட்டும் இல்லை. 1937 ஆட்சியில் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதும், 1953-ல் எதிர்ப்பாளர்கள் குலக்கல்வி என்று அழைத்த திட்டமும் அவர் மீது இன்றுவரை இருக்கும் கடும் விமர்சனங்கள். இரண்டையும் தமிழ்நாடு போராடித் திருப்பி அனுப்பியது. மதுவிலக்கு மட்டும் அவருடைய எதிரிகளும் பல காலம் கைவைக்கத் தயங்கிய சட்டமாக நின்றது.

கொட்டும் மழையில் கோபாலபுரம்

1971-ல் அந்தத் தயக்கம் முடிவுக்கு வந்தது. நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி, முதல்வர் கருணாநிதி மதுவிலக்கை நிறுத்திவைக்க முடிவெடுத்தார்.

சில மாதங்களுக்கு முன்புதான் ராஜாஜி, காமராஜருடன் கைகோத்து தி.மு.க.வுக்கு எதிராகத் தேர்தல் களத்தில் நின்று தோற்றிருந்தார். வயசு 92. கொட்டும் மழை. அந்த மழையிலேயே கோபாலபுரத்தில் இருந்த கருணாநிதியின் வீட்டுக்குப் போய், இந்த முடிவைக் கைவிடச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். தனக்காக எதையும் கேட்கப் போகவில்லை. தோற்கடித்தவரின் வாசலில் நிற்பதில் அவருக்குக் கூச்சமும் இல்லை.

முடிவு மாறவில்லை. அந்த ஆகஸ்டிலேயே மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. 1972 டிசம்பர் 25-ல், 94 வயதில் ராஜாஜி காலமானார். கடைகள் திரும்ப மூடப்படுவதைப் பார்க்க அவர் இல்லை. கருணாநிதி அரசே 1973, 74-ல் கள், சாராயக் கடைகளை மீண்டும் மூடியது. 1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் திறந்தது. 1983-ல் டாஸ்மாக் நிறுவனம் வந்தது. 2003 முதல் சில்லறை விற்பனையையும் அதுவே செய்கிறது.

இப்போ சட்டம் எங்கே?

பலருக்குத் தெரியாத விஷயம் இதுதான். ராஜாஜியின் சட்டம் ரத்து ஆகவே இல்லை. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937 என்ற பெயரில் இன்றும் அமலில் இருக்கிறது. டாஸ்மாக் கடையும், ஹோட்டல் பார்களுக்கான எஃப்.எல்.3 உரிமமும் அந்தச் சட்டத்தின் கீழ் போடப்பட்ட விதிகளில்தான் இயங்குகின்றன. அதாவது, சட்டப்படி தடைதான் பொது விதி. விற்பனை, அரசு கொடுக்கும் விலக்கு. ஏற்காட்டு பார் ஒன்றில் கலந்து தரும் காக்டெயிலும் இந்த விலக்கில்தான் உங்கள் மேஜைக்கு வருகிறது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு தண்டனையைக் கடுமையாக்கித் திருத்தியதும் இதே 1937 சட்டத்தைத்தான். கடையை மூடினால் கள்ளச்சாராயம் பெருகும் என்கிறது ஒரு தரப்பு. கடைகள் திறந்திருக்கும்போதே இத்தனை சாவு வந்ததே என்று கேட்கிறது இன்னொரு தரப்பு. 1937-ல் சேலத்தில் தொடங்கிய வாதம் இன்னும் முடியலை.

சரி, அந்த கிளாஸ்?

மது இல்லாமலே அந்த கிளாஸை அருமையாகச் செய்யலாம். நாலு பேருக்கு அளவு இது.

ஒரு துண்டு இஞ்சி, எட்டு மிளகு, மூன்று கிராம்பு, விரல் நீளப் பட்டை ஒன்று. இஞ்சியையும் மிளகையும் ஒன்றிரண்டாகத் தட்டிக்கோங்க. ஒரு டம்ளர் தண்ணீரில் எல்லாவற்றையும் போட்டு, நாலு மேஜைக்கரண்டி பனைவெல்லம் சேர்த்து, பாதியாகச் சுண்டும் வரை காய்ச்சி வடிகட்டி, நன்றாக ஆறவிட்டு ஃப்ரிட்ஜில் வைங்க.

நான்கு ஆரஞ்சுகளைப் பிழிந்து, நாலு கிளாஸில் சாற்றைச் சமமாகப் பிரித்து, மசாலாப் பாகையும் அப்படியே பிரித்து ஊற்றுங்க. ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை உப்பு. கடைசியில்தான் சோடா. அதுவும் ஜில்லென்று இருக்கணும். குளிர்ந்த தண்ணீரில்தான் கரியமில வாயு அதிகம் தங்கும். பாகு சூடாக இருந்தால் நுரை நொடியில் போயிடும். சோடா ஊற்றிய பிறகு வேகமாகக் கலக்கவும் வேண்டாம்.

ஆரஞ்சும் மிளகும் சேர்வராயன் மலையில் விளைபவை. பனைவெல்லம், 1937-ல் வேலை இழந்த மரமேறிகளுக்கு மாற்று வழியாகச் சொல்லப்பட்ட அதே வெல்லம். இந்த கிளாஸுக்கு லைசென்ஸ் தேவையில்லை.