விழுந்தவனுக்கும் ஒரு நாற்காலி



போன மாதம் உபவாச ஜெபம் முடிந்ததும் ஒரு தாயார் கண்ணீரோடு என்னிடம் வந்தார்கள். குடியை விட்டு ஏழு மாதம் ஒழுங்காய் ஆராதனைக்கு வந்த மகன் மறுபடியும் குடிச்சிட்டானாம். வெட்கத்தில் சபைப் பக்கமே வரமாட்டேங்கிறான் என்றார்கள். அந்தத் தாய்க்கு நான் சொன்ன சாட்சியை உங்களுக்கும் எழுதுகிறேன்.

ஜெரி மெக்காலே 1839-ல் அயர்லாந்தில் பிறந்தவர். 13 வயதில் நியூயார்க்குக்கு அனுப்பப்பட்டார். ராத்திரியில் ஆற்றுப் படகுகளில் திருடுவதும், திருடிய பணத்தில் குடிப்பதுமே பிழைப்பு. 19 வயதில் சிங் சிங் சிறைச்சாலைக்குப் போனார். 15 வருஷத்துக்கும் மேலான தண்டனை. அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன்னாள் குத்துச்சண்டைக்காரர் ஆர்வில் கார்ட்னர் சாட்சி சொன்னார். தன்னைப்போலவே குடித்துத் திரிந்தவன் கண்ணீரோடு பேசுவதைக் கேட்டு ஜெரியின் உள்ளம் உடைந்தது. அறைக்குத் திரும்பி வேதத்தைத் திறந்தார், முழங்காலில் நின்றார், சமாதானம் கிடைத்தது.

1864-ல் மன்னிப்புப் பெற்று விடுதலையானார். ஆனால் வெளியே கைபிடித்து நடத்த ஒரு விசுவாசி இல்லை. பழைய தெரு, பழைய சிநேகிதர்கள், பழைய சாராயம். விழுந்தாரு. எழுந்தாரு. மறுபடியும் விழுந்தாரு. ஒரு தடவை இல்லை, பல தடவை! ஆனாலும் அவரைத் தேடிப்போன சிலர் கைவிடவில்லை, கர்த்தரும் கைவிடவில்லை.

தனக்குக் கிடைக்காததை மற்றவங்களுக்குக் கொடுக்கணும்னு ஒரு பாரம் அவருக்குள் வந்தது. 1872 அக்டோபரில், தன்னைப்போலவே குடியிலிருந்து மீட்கப்பட்ட மனைவி மரியாவோடு, வாட்டர் தெரு 316-ம் எண் வீட்டில் ஊழியம் தொடங்கினார். சுற்றிலும் சாராயக் கடைகள். ஒவ்வொரு ராத்திரியும் கூட்டம். பெரிய பிரசங்கம் கிடையாது. மீட்கப்பட்டவர்கள் எழுந்து சுருக்கமாய்ச் சாட்சி சொல்லுவாங்க. நேற்று விழுந்தவனுக்கும் இன்று நாற்காலி உண்டு. 1882-ல் கிரிமோர்ன் மிஷனைத் தொடங்கினார். அதே வருஷம் அங்கே மனந்திரும்பிய குடிகாரர் சாமுவேல் ஹாட்லி, பின்பு வாட்டர் தெரு ஊழியத்தையே நடத்தினார். 1884-ல் காசநோயால் ஜெரி கர்த்தருக்குள் நித்திரையடைந்தபோது வயது 45.

குடியை விட்டவர்கள் ஒருவரையொருவர் தாங்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தொடங்கியது 1935-ல். அதற்கு 60 வருஷத்துக்கு முன்பே இப்படி ஒரு வீடு!

பிரியமானவர்களே, நானும் அந்தச் சேற்றிலிருந்து தூக்கப்பட்டவன்தான். இரட்சிக்கப்பட்ட ஆறாம் மாதம் விழுந்தேன். மூன்று வாரம் வீட்டுக்குள் ஒளிந்திருந்தேன். ஒரு மூத்த விசுவாசி வந்தார். எதுவும் கேட்காமல் சட்டையை எடுத்துக் கொடுத்து சபைக்குக் கூட்டிட்டுப் போனாரு. அவர் வராதிருந்தால் இன்று நான் இல்லை.

வெகுநாள் குடித்தவர்கள் திடீரென நிறுத்தும்போது கைநடுக்கமோ வலிப்போ வரலாம். டாக்டரிடம் கூட்டிப்போவது அவிசுவாசம் அல்ல. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகோ அவனுக்கு நாம் வேண்டும்.

அந்தத் தம்பி வீட்டுக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் போகிறேன். என்னோடு யார் வருகிறீர்கள்? கர்த்தர்தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.