மலைத்தண்ணியில் விளக்கேற்றிய சர் சி.பி.

நீலகிரின்னு சொன்னா நமக்கு மலை ரயிலும் குளிரும்தான் ஞாபகம் வரும். அந்த மலைத்தண்ணியில் கரண்டு எடுத்தே தீரணும்னு பிடிவாதமா நின்ன ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சி.பி.ராமசாமி ஐயர் 1879 நவம்பர் 12 அன்று வந்தவாசியில் பிறந்தார். சென்னையில் படித்து பெரிய வக்கீல் ஆனார். அன்னி பெசன்ட் அம்மையாரை எதிர்த்து ஒரு வழக்கில் வாதாடிவிட்டு, பிறகு அவரோடயே சேர்ந்து ஹோம் ரூல் இயக்கத்தில் உழைத்தார். (எனக்கு இது ஆச்சரியமா இருந்துச்சு!) 1923 முதல் 1928 வரை சென்னை மாகாண நிர்வாக சபையில் சட்ட உறுப்பினராக இருந்தார். மேட்டூர் அணை வேலை 1925ல் ஆரம்பிச்சதும் அந்தக் காலத்தில்தான்.

அப்போது கரண்டு வேணும்னா பெரும்பாலும் நிலக்கரியை எரிக்கணும். அதுவும் வெகுதூரத்தில் இருந்து வரணும். ஊட்டியில் இருந்து கூடலூர் போற வழியில் உள்ள பைக்காரா ஆற்றில் மின் திட்டம் போடலாம் என்றபோது நிறைய பேர் எதிர்த்தாங்க. அவ்வளவு கரண்டை வாங்க ஆள் ஏது, பணம்தான் வீண்னு சொன்னாங்க. சி.பி. விடவில்லை. 1929ல் வேலை தொடங்கி 1932ல் மின்சாரம் வந்தது. அதற்குள் அவர் அந்தப் பதவியை விட்டுப் போயிருந்தார்.

அங்கே கரண்டு எப்படி வருதுன்னு பாருங்க. மேலே தேக்கிய தண்ணீரை இரும்புக் குழாயில் விட்டு, 3000 அடிக்கும் மேலான உயரத்தில் இருந்து சிங்காரா மின் நிலையத்துக்கு இறக்குறாங்க. அது குழாய் முனையில் பீய்ச்சி அடிக்கும். எதிரே பெல்டன் சக்கரம். அதைச் சுற்றிலும் கிண்ணம் கிண்ணமா இருக்கும். தண்ணீர் அதில் மோத சக்கரம் சுத்தும், கூடவே ஜெனரேட்டரில் உள்ள காந்தமும் சுத்தும். சுற்றியுள்ள செம்புக் கம்பிச் சுருளில் மின்சாரம் உண்டாகும். புகை இல்லை, சாம்பல் இல்லை. தண்ணீர் கொஞ்சமும் செலவாகாது! அதே தண்ணீரை 1950களில் மாயாறு மின் நிலையத்தில் இன்னொரு தடவை பயன்படுத்தினாங்க. அப்புறம் அது பவானிசாகர் போய், நம்ம ஊர் வழியா வர்ற பவானியோடு சேர்ந்து வயலுக்குப் பாயுது. ஆனா மழை பொய்த்தா கரண்டும் குறையும். அணை கட்டினால் காடும் முழுகும். அதையும் சொல்லத்தானே வேணும்.

வாங்க ஆள் ஏதுன்னு கேட்ட கரண்டு கோயமுத்தூருக்கு வந்ததும் 1930களில் பஞ்சு மில்லுங்க வரிசையா வந்தன. மாடு கட்டி கவலை இறைச்ச கிணறுகளில் போகப் போக மோட்டார் வந்தது. நம்ம கொங்குக் கிணறுங்க எவ்வளவு ஆழம்னு உங்களுக்கே தெரியும். அந்த மாடுங்க பட்ட பாட்டை தாத்தா பாட்டிகிட்ட கேளுங்க.

சி.பி. 1936ல் திருவிதாங்கூர் திவான் ஆனார். அந்த ஆண்டே அங்கே எல்லாச் சாதி இந்துக்களும் கோயிலுக்குள் போகலாம்னு பிரகடனம் வந்தது. 1940ல் பள்ளிவாசல் நீர்மின் நிலையமும் வந்தது. ஆனால் 1946ல் புன்னப்புரா, வயலாரில் போராடிய தொழிலாளர்கள் பலர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தாங்க. திருவிதாங்கூர் தனி நாடா இருக்கணும்னும் அவர் நின்றார். 1947 ஜூலை 25ல் அவரை வெட்டினாங்க. உயிர் பிழைத்து, பதவியை விட்டுப் போனார். பைக்காராவில் அவருக்கு நல்லது செய்த பிடிவாதம் இங்கே கெடுத்துவிட்டது என்று நான் நினைக்கிறேன். கேரளத்தில் அவர் மேல் கோபம் இருப்பது நியாயம்தான்.

பிறகு பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார். 1966 செப்டம்பர் 26 அன்று லண்டனில் காலமானார். 2005ல் பைக்காராத் தண்ணீருக்கு மலையைக் குடைந்து, பூமிக்கு அடியில் 150 மெகாவாட் நிலையம் ஒன்று கட்டி முடித்தாங்க.