செவ்ரோலே பெயர்காரர் போர்ட் காருக்கு வலுவூட்டிய கதை

செவ்ரோலே கார்களுக்குத் தன் பெயரைத் தந்த லூயி செவ்ரோலேயின் கைத்திறன், சாதாரண மக்களின் கைக்கு எட்டியது போட்டி நிறுவனமான போர்டின் காரில்தான்.

1878 இல் சுவிட்சர்லாந்தில் பிறந்த லூயி, 1900 இல் வட அமெரிக்கா சென்றார். மெக்கானிக்காகத் தொடங்கிப் பந்தய ஓட்டுநரானார். 1911 இல் வில்லியம் டூரன்டுடன் இணைந்து செவ்ரோலே நிறுவனத்தைத் தொடங்கினார். லூயி உயர்தரக் காரை விரும்பினார். டூரன்ட் மலிவான காரை. சில ஆண்டுகளிலேயே லூயி வெளியேறினார். பெயர் நிறுவனத்திடமே தங்கிவிட்டது.

1920 இல் லூயி வடிவமைத்த காரில் தம்பி கஸ்டன் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தை வென்றார். அதே ஆண்டு நவம்பரில் இன்னொரு பந்தயத்தில் உயிரிழந்தார்.

பின்னர் லூயியும் மற்றச் சகோதரர் ஆர்தரும் போர்ட் மொடல் டி காரின் பக்கம் திரும்பினர். அதன் வலு வெறும் 20 குதிரைவலு. வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருந்ததால் எரிபொருள் கலவை வளைந்து நுழைய வேண்டியிருந்தது. வால்வுகளை மேலே வைத்த 'ஃப்ரொன்டி' சிலிண்டர் ஹெட்டைச் சகோதரர்கள் விற்றனர். இயந்திரத்தை முழுதாக மாற்றத் தேவையில்லை. ஹெட்டைக் கழற்றி இதைப் பூட்டினால் இயந்திரம் தாராளமாக மூச்சு விடும். ஆனால் மெல்லிய கிராங்க் தண்டு அந்தக் கூடுதல் வலுவை ஓரளவுக்குத்தான் தாங்கும்.

1923 இல் ஃப்ரொன்டி போர்ட் ஒன்று, விலையுயர்ந்த பந்தயக் கார்களுக்கு நடுவே இண்டியானாபொலிஸில் ஐந்தாவதாக வந்தது.

இவையெல்லாம் லூயியைச் செல்வந்தராக்கவில்லை. 1930களில் செவ்ரோலே தொழிற்சாலையிலேயே மெக்கானிக்காக வேலை செய்தார். 1941 இல் காலமான அவர், இண்டியானாபொலிஸில் அடக்கம் செய்யப்பட்டார்.